மென்மை என்று நான் நம்பியது

“என் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது.” கடந்த இரண்டு ஆண்டுகளில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை. புதிதாகக் கார் வாங்க நினைத்து ஆலோசனை கேட்டவர்களிடம் சொன்னேன். வேறு கார் வைத்திருந்தவர்களிடம், அவர்கள் கேட்காதபோதும் சொன்னேன். என்னுடன் பணியாற்றும் நண்பர் ஒருவரிடம்தான் அதிகம் சொல்லியிருப்பேன். அவருடையது நீளமான செடான், 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். என்னுடையது உயரம் சற்றுக் கூடிய சிறிய ஹேட்ச்பேக், 1.2 லிட்டர். அவர் காரில் பின்னிருக்கையில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் ஒவ்வொரு வேகத்தடையும் என் முதுகில் தெரிந்தது. அதை அவரிடம் சொல்லவும் நான் தயங்கியதில்லை. அவர் தரும் பதிலும் மாறியதில்லை: “மெத்தென்று போகிற வண்டி வளைவில் சாயும். என் வண்டி சாலையைப் பிடித்துக்கொண்டு போகிறது. மைலேஜும் உங்கள் வண்டியைவிட லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கூடுதல்.”

இது வெறும் பேச்சுக்கான பேச்சாக இருக்கவில்லை. நான் உண்மையாகவே என் வண்டியின் மென்மையை உணர்ந்தேன். அதற்காகவே அதை விரும்பினேன். அவரும் தம் வண்டியின் உறுதியை அவ்வாறே உணர்ந்தார். இருவரும் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர்கள், இருவருக்கும் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை. ஆகவே இது ரசனை வேறுபாடு, பேசித் தீராது என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு வாரத்தில் கலைந்த விதம் இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. கலைந்தது எது, கலையாமல் எஞ்சியது எது என்று பிரித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

சாவியை மாற்றிக்கொண்டோம்

நண்பரின் தாயாருக்கு முழங்கால் வலி. ஒரு வாரத்துக்கு நாள்தோறும் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. செடானின் இருக்கை தாழ்வானது. உட்காரும்போது உடலைக் கீழே விடுவதும், இறங்கும்போது அந்தத் தாழ்விலிருந்து எழுந்து நிற்பதும் அவருக்கு வேதனையாக இருந்தன. ஒரு வாரத்துக்கு உங்கள் வண்டியைத் தர முடியுமா என்று நண்பர் கேட்டார். மகிழ்ச்சியோடு கொடுத்தேன். கொடுப்பதற்கு முதல் நாள் மாலை, நான் வழக்கமாகப் போகும் இடத்தில் நான்கு டயர்களுக்கும் காற்று அடித்துக் கொடுத்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை தவறாமல் காற்று பார்ப்பவன் நான்.

மூன்றாம் நாள் காலை நண்பர் தொலைபேசியில் அழைத்து, “உங்கள் டயர்களில் எவ்வளவு காற்று வைப்பீர்கள்?” என்று கேட்டார். 33 பிஎஸ்ஐ என்றேன்; டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தை அந்த அலகில்தான் சொல்வார்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அவர் சற்றுத் தயங்கிவிட்டு, “இன்று காலை வண்டி எடுப்பதற்கு முன் அளந்தேன். நான்கிலும் 24தான் இருக்கிறது” என்றார். ஒரு டயரில் குறைந்திருந்தால் ஆணி குத்தியிருக்கலாம், வால்வு கசிந்திருக்கலாம். நான்கிலும் ஒரே அளவாக, அதுவும் அடித்த மூன்றே நாளில், ஒன்பது பிஎஸ்ஐ குறைவதற்கு வழியே இல்லை. நல்ல டயரிலிருந்து ஒரு மாதத்தில் தானாகக் குறையும் காற்று ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு பிஎஸ்ஐதான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் இன்னும் ஒன்றரை குறையலாம். அவருடைய அளவுமானி பழுதாகியிருக்கும் என்று நான் உறுதியாகச் சொன்னேன்.

அன்று மாலை இருவரும் சேர்ந்தே போனோம். நான் வழக்கமாகக் காற்று அடிக்கும் இடத்தின் மீட்டர் 33 என்று காட்டியதும் குழாயை எடுத்துவிட்டு நண்பரின் கைமானியை வைத்தோம். 24. பக்கத்துத் தெருவில் டயர் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே கேட்டு வாங்கிய மற்றொரு மானியும் 24 என்றே காட்டியது. பழுது நண்பரின் மானியில் இல்லை. இரண்டு ஆண்டுகளாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தவறாக அளக்கும் ஒரே மீட்டரை நம்பி, ஒரே அளவு குறைவாகக் காற்று அடித்து வந்திருக்கிறேன். என் ஒழுங்குதான் அந்தக் குறையை நிலையாக வைத்திருந்தது. அவ்வப்போது மறந்துபோகிறவனாக இருந்து, கிடைத்த இடத்திலெல்லாம் அடித்திருந்தால், வண்டியின் போக்கு முறைக்கு முறை மாறி எனக்கு ஐயம் வந்திருக்கும்.

பட்டறையிலேயே நான்கு டயர்களையும் சரியாக 33-க்கு ஏற்றிவிட்டு, என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வழக்கமான சாலையில் ஒரு சுற்று வந்தேன். அந்தச் சில கிலோமீட்டர்களை மறக்க முடியவில்லை. மேம்பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன. அந்தப் பாலத்தில் அத்தனை இணைப்புகள் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்டீயரிங் இலகுவாகியிருந்தது. வளைவில் நான் திருப்பிய உடனே வண்டி திரும்பியது. முன்பெல்லாம் திருப்பியதற்கும் திரும்புவதற்கும் இடையே சிறு தாமதம் இருந்திருக்கிறது என்பதை, அது நீங்கிய பிறகே உணர்ந்தேன். வண்டி முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் விரும்பிய வண்டியாக அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் எதுவும் சொல்லவில்லை. அவர் ஏதேனும் சொல்லியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் எனக்குத் தராத ஒன்றுக்காக அவர்களை இரண்டு ஆண்டுகள் பாராட்டி வந்திருக்கிறேன். என் சொல்லை நம்பி அதே மாடலை வாங்கிய ஒருவர்கூட உண்டு. “நீங்கள் சொன்ன அளவுக்கு மென்மையாக இல்லையே” என்று அவர் ஒருமுறை கேட்டபோது, புது வண்டிதானே, ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் சொன்னேன். அவருக்குக் காற்று சரியாக அடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

உள்ளங்கை அளவு ரப்பர்

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. ஓர் ஆயிரம் கிலோ வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் சமமாகப் பரவியிருப்பதாகக் கொண்டால் ஒரு டயர் 250 கிலோவைத் தாங்குகிறது. 33 பிஎஸ்ஐ என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ. டயரின் சொந்த விறைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த எடையைத் தாங்க ஏறத்தாழ 110 சதுர சென்டிமீட்டர், அதாவது ஓர் உள்ளங்கை அளவு ரப்பர், சாலையில் பதிகிறது. 24 பிஎஸ்ஐ என்றால் அது 150-ஐ நெருங்கும். டயர் அவ்வளவு நசுங்குகிறது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது. சாலையின் சிறு மேடுகளை அந்த வளைவு விழுங்கிக்கொள்வதால்தான் பயணம் மெத்தென்று தோன்றுகிறது. அதே வளைவுதான் டயரைச் சூடாக்குகிறது. நெடுஞ்சாலை வேகத்தில், முழுச் சுமையோடு, அந்தச் சூட்டிலேயே டயர் வெடிப்பதும் உண்டு. என் டயர்களில் நடுப்பகுதி நன்றாக இருக்க இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தன. அதைப் பார்த்தும், வீல் அலைன்மென்ட் சரியில்லை என்று நானே முடிவு கட்டியிருந்தேன். இரண்டு ஓரமும் ஒருசேரத் தேய்ந்தால் முதலில் காற்றைத்தான் ஐயப்பட வேண்டும் என்பதைப் பட்டறைக்காரர் டயரைத் தடவிக் காட்டிச் சொன்னார்.

அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பு கட்டாயம். பரிந்துரைத்த அளவைவிட 25 விழுக்காடு குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. என் வண்டியில் அந்த வசதி இல்லை. 33-க்குப் பதில் 24 என்பது 27 விழுக்காட்டுக் குறைவு. விளக்கு இருந்திருந்தால் எரிந்திருக்கும்.

மென்மை என்பதே பொய் என்று நான் சொல்லவரவில்லை. அதைத் திட்டமிட்டுப் படைத்தவர்கள் இருக்கிறார்கள். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோன் 2சிவி, உழவர்களையும் அவர்களுடைய 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, கூடையிலுள்ள முட்டை உடையாமல் உழுத நிலத்தைக் கடக்க வேண்டும் என்ற நோக்கத்தில் பிறந்தது. முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒரே சஸ்பென்ஷனில், அதாவது சாலையின் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் வில்லமைப்பில், இணைத்து, சக்கரங்கள் நெடுந்தூரம் ஏறி இறங்க இடம் கொடுத்தார்கள். அது வளைவில் படகைப் போலச் சாயும். 1959-இல் அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து வந்த மினியோ இதற்கு நேர் எதிர்: 3.05 மீட்டர் நீளம், 10 அங்குலச் சக்கரங்கள், சுருள்வில்லுக்குப் பதில் அலெக்ஸ் மோல்ட்டனின் ரப்பர் கூம்புகள். குலுக்கும், ஆனால் வளைவில் ஒட்டிக்கொண்டு போகும். மான்டி கார்லோ ராலி என்னும் கார் பந்தயத்தை அது 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. எனக்கும் நண்பருக்கும் இடையே நடந்த வாதம் இந்த இரண்டு கார்களுக்கு இடையிலும் நடந்திருக்கக்கூடிய வாதம்தான். ஆனால் அங்கே வேறுபாடு வண்டிக்குள்ளேயே இருந்தது, யாரோ ஒருவர் யோசித்து வைத்தது. எங்கள் வேறுபாட்டில் பெரும்பகுதி ஒரு பழுதான மீட்டருக்குள் இருந்தது.

பெரும்பகுதி என்றுதான் சொல்ல வேண்டும், முழுவதும் அல்ல. நண்பரின் டயரில் 195/55 ஆர்16 என்று பொறித்திருக்கிறது. என்னுடையதில் 175/70 ஆர்14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. கணக்கிட்டால் அவருடைய பக்கச்சுவர் 107 மில்லிமீட்டர், என்னுடையது 122. பதினைந்து மில்லிமீட்டர் ரப்பர், இதுதான் எங்கள் டயர்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு. காற்று சரியான பிறகும் என் வண்டி அவருடையதைவிடச் சற்று மென்மையாகத்தான் இருக்கிறது. “தெரியவே தெரியாது” என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

மைலேஜ் எங்களோடு வந்தது

காற்று விவகாரம் வெளியானதும், என் வண்டியின் மைலேஜ் குறைவுக்கும் அதுவே காரணம் என்று நினைத்துச் சற்று ஆறுதல் கொண்டேன். அந்த ஆறுதலும் நிற்கவில்லை. நான்கு டயர்களிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஒன்பதுக்கு இரண்டு விழுக்காடுகூட வராது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் வேறுபாட்டை அது விளக்காது.

விளக்கியது அந்த வார இறுதியில் பார்த்த கணக்கு. இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டபோது டாங்கை நிரப்பிக் கொடுத்தோம். திருப்பித் தந்தபோதும் நிரப்பினோம். என் வண்டி என்னிடம் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் தரும். நண்பரிடம் 19 தந்திருந்தது. அவரிடம் 18 தரும் அவருடைய செடான் என்னிடம் 13 தந்தது. மைலேஜ் வண்டியோடு இருக்கவில்லை, எங்களோடு இடம் மாறியிருந்தது. அவர் நாள்தோறும் தடையில்லாத நீண்ட சாலையில் ஒரே வேகத்தில் போகிறவர். தாயாரை அழைத்துச் செல்லும் வழியும் அதே சாலைதான். நானோ மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, மீண்டும் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகிறவன். குளிர்ந்த இன்ஜின் கூடுதல் பெட்ரோல் கேட்கும், எண்ணெயும் கெட்டியாக இருக்கும். அது சூடேறி ஒழுங்காக ஓடத் தொடங்கும் நேரத்தில் நான் போக வேண்டிய இடம் வந்துவிடும். எங்கள் வழிகளை ஒப்பிட்டிருக்க வேண்டிய நாங்கள் இன்ஜின்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரே வழியில் வைத்துப் பார்த்தால் என் வண்டிதான் இரண்டு சாலைகளிலும் ஒரு கிலோமீட்டர் கூடுதலாகத் தந்திருக்கிறது. நண்பர் அதைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். ஒரு வாரக் கணக்கு, அதிலும் நடுவில் டயரின் காற்று மாறிய வாரம், தீர்ப்பாகாது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசும் வழக்கமே நம்மை ஏமாற்றும் என்பதையும் அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 தரும் வண்டியை விட்டு 12 தரும் வண்டிக்கு மாறுகிறவருக்கு 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சமாகிறது. 20 தருவதை விட்டு 22 தருவதற்கு மாறுகிறவருக்கு 0.45 லிட்டர்தான். இருவரும் “இரண்டு கிலோமீட்டர் கூடுதல்” என்றே சொல்வார்கள். ஐரோப்பியர்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்பது இதனால் நேர்மையான கேள்வி. கேலன் கணக்கில் பேசுகிறவர்கள் பாடு இன்னும் கடினம்: பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் கேலன் 3.79. பிரிட்டனில் 40 மைல் தருகிறது என்று சொல்லும் அதே கார் அமெரிக்கக் கணக்கில் 33 மைல்தான் தரும்.

கதவின் சத்தமும் தகட்டின் கனமும்

இந்த அனுபவத்துக்குப் பிறகு, மற்றவர்கள் தங்கள் வண்டியைப் பற்றிச் சொல்வதை வேறு காதோடு கேட்கத் தொடங்கினேன். பிக்கப் நன்றாக இருக்கிறது என்பார்கள். மிதியை முதல் சில மில்லிமீட்டர் அழுத்தும்போதே, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் அதிகம் திறக்குமாறு அமைத்துவிட்டால் எந்த இன்ஜினும் அந்த உணர்வைத் தரும். அது சிறிய விஷயம்; ஏமாந்தாலும் இழப்பில்லை. பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் எனக்கு வருத்தம் வருகிறது. என் மைத்துனர் எந்தக் காரைப் பார்த்தாலும் முதலில் கதவைச் சாத்திப் பார்ப்பார். கனமாகச் சாத்தினால் உறுதியான வண்டி. அடுத்து பானெட்டை விரலால் தட்டுவார். பழைய வண்டிகளின் தகடு இப்போது வருவதில்லை, அதனால்தான் இன்றைய கார்கள் மோதினால் அப்பளமாக நொறுங்குகின்றன என்பது அவருடைய உறுதியான கருத்து.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வகம், 2009-இல் தன் ஐம்பதாம் ஆண்டையொட்டி, 1959-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பெல் ஏர் காரையும் 2009-ஆம் ஆண்டின் செவ்ரோலெட் மாலிபு காரையும் நேருக்கு நேர், சற்று விலகி, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. நீளமான, இரும்பாலான பெல் ஏரின் ஓட்டுநர் பகுதி உள்நோக்கி மடிந்தது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஓட்டுநர் இருக்கையில் வைத்திருந்த சோதனைப் பொம்மையின் அளவீடுகள் காட்டின. மாலிபுவின் முன்பகுதி முற்றிலும் நொறுங்கியது. ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவுதான். முன்பகுதி நொறுங்குவதற்காகவே செய்யப்பட்டது. மோதலின் ஆற்றலை அது வாங்கிக்கொள்வதால் உள்ளே இருக்கும் கூடு நிற்கிறது. அந்தக் காட்சியை மைத்துனருக்குக் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். பழைய கார் துருப்பிடித்திருக்கலாம் என்றார். அவரை நான் வற்புறுத்தவில்லை. இரண்டு மானிகள் 24 என்று காட்டும்வரை நானும் நண்பரின் மானியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எஞ்சியது

சாவிகளைத் திருப்பிக்கொண்டபோது நண்பரும் நானும் வெகுநேரம் பேசினோம். காற்றையும் வழியையும் கழித்துவிட்ட பிறகு எஞ்சியவை சிலவே. அவருடைய செடானில் முன்கண்ணாடியின் ஓரத்தூண் மிகவும் சாய்ந்திருக்கிறது. வளைவில் திரும்பும்போது கடக்க நிற்கும் ஒருவரையே அது மறைத்துவிடுகிறது. அந்த வாரத்தில் இரண்டு முறை நான் திடுக்கிட்டுப் பிரேக் பிடித்தேன். கழுத்தை நீட்டித் தூணைத் தாண்டிப் பார்ப்பது அவருக்குப் பழகிவிட்டது. அப்படிப் பார்ப்பதே அவருக்குத் தெரியாது. என் வண்டியில் கிளட்ச் மிக மேலே வந்துதான் பிடிக்கிறது என்றார் அவர். எனக்கு அது தெரிந்ததே இல்லை. என் கால் அதற்கேற்ப வளர்ந்துவிட்டது. நம் வண்டியின் குறைகளை நம் உடல் ஈடுகட்டிவிடுகிறது, நமக்குத் தெரியாமலே. அவற்றைச் சொல்ல இன்னொருவர் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

அவருடைய தாயார் மட்டும் காற்று, மைலேஜ், வளைவு எதையும் பற்றிப் பேசவில்லை. என் வண்டியில் ஏறுவதற்குக் கதவுச் சட்டத்தைப் பிடிக்கத் தேவை இல்லை என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் மகன் கதவைத் திறக்கக் காத்திருக்காமல் தாமே ஏறி உட்கார்ந்தாராம். இருக்கை அவருடைய இடுப்பின் உயரத்துக்கு அருகில் இருந்ததால் இறங்கவும் வேண்டாம், ஏறவும் வேண்டாம், திரும்பி உட்கார்ந்தால் போதும். எங்கள் இருவரின் இரண்டு ஆண்டு வாதத்தில் இருக்கையின் உயரம் ஒருமுறைகூட வந்ததில்லை.

நண்பர் செடானை விற்கப் போகிறார். எந்த மாடல் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். முன்பென்றால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். இந்த முறை அளவு நாடா எடுத்துக்கொண்டு இருவரும் வண்டிகள் நின்ற இடத்துக்குப் போனோம். செடானின் பின்னிருக்கை தரையிலிருந்து 49 சென்டிமீட்டர், என் வண்டியில் 58. அவர் அந்த இரண்டாவது எண்ணை எழுதிக்கொண்டார். நாளை தாயாரையும் அழைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறோம்; நாடாவையும் அவருடைய காற்றுமானியையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.